கட்டியின் புரதங்களும் ஆயுள் கணக்கும்: ஆய்வக ஜன்னலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு நோயியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தேன். மருத்துவர் பார்க்கும் ஸ்லைடுகளைத் தயாரிப்பது என் வேலை. அறிக்கைகளை ஜன்னல் வழியாகக் கொடுப்பதும் பல நாள் என் பொறுப்பாகவே இருந்தது. தாராபுரத்திலிருந்தும் அந்தியூரிலிருந்தும் விடிகாலை பஸ் பிடித்து வந்தவர்கள் உறையை அங்கேயே பிரிப்பார்கள். மருத்துவரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கும். தாளில் ஒரு சதவீதக் கணக்கு கண்ணில் படும். "ஏனுங்க, இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நான் மருத்துவர் அல்ல. சிகிச்சையைப் பற்றி முடிவு சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் அந்த எண் எங்கே பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவே முடியாது என்பது எனக்குத் தெரியும். ஜன்னலில் நின்றபடி ஒரு நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

புரத மார்க்கர் என்றால் என்ன?

செல் ஒவ்வொன்றும் புரதங்களால்தான் வேலை செய்கிறது. புற்றுநோய்ச் செல்லில் சில புரதங்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கும். சில, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போயிருக்கும். அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்தால் நோயைப் பற்றி ஏதாவது தெரியவருகிறது என்றால், அந்தப் புரதம் மார்க்கர் ஆகிறது.

பார்க்கும் இடம் இரண்டு. பயாப்சியிலோ அறுவையிலோ எடுத்த திசுவில் பார்ப்பது ஒன்று: ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்), ஹெர்-2, கேஐ-67, பி.டி.எல்.-1 எல்லாம் இந்த வகை. இரத்தத்தில் பார்ப்பது மற்றொன்று: சி.ஏ.-125, சி.ஈ.ஏ., ஏ.எஃப்.பி. போன்றவை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு பிரிவினை இதைவிட முக்கியம். சில மார்க்கர்கள் நோய் எந்த வேகத்தில், எந்தப் போக்கில் போகும் என்று சொல்லும். சில, எந்த மருந்து பிடிக்கும் என்று சொல்லும். சில இரண்டையும் சொல்லும். உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். "இந்த எண்ணால் சிகிச்சை மாறுமா?" என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்த கேள்வி. மாறும் என்றால் அந்த எண்ணுக்காகக் காத்திருப்பதில் பொருள் உண்டு.

ஐ.எச்.சி. சோதனை (திசுவில் உள்ள புரதத்தை நிறமேற்றிப் பார்ப்பது) என்று எழுதிக் கொடுத்தார்கள். ஏன் ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது?

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர் மகளின் அறிக்கைக்காக எங்கள் வாசலில் மூன்று நாள் காத்திருந்தார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். திசுவை முதலில் ஃபார்மலினில் ஊறவைக்கிறோம். பிறகு நீரை எடுத்துவிட்டு, உருகிய மெழுகைப் புகட்டி, கட்டியாக உறையவைக்கிறோம். இதைத்தான் பிளாக் என்கிறார்கள். அதை மூன்று, நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடியில் ஒட்டுகிறோம். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். சூடுபடுத்திப் புரதத்தை வெளிக்கொண்டுவந்த பிறகு, அந்த ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஊற்றுகிறோம். ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் வரும். மற்ற செல்களின் கருக்கள் நீலமாகத் தெரியும். பழுப்பு எத்தனை செல்லில், எவ்வளவு அழுத்தமாக, செல்லின் எந்தப் பகுதியில் என்பதை நோயியல் மருத்துவர் எண்ணி எழுதுகிறார்.

கேட்டு முடித்ததும் அந்தப் பெரியவர், "துணியைச் சரியாக வெளுக்காமல் சாயத்தில் போட்டால் திட்டுத்திட்டாகத்தானே பிடிக்கும்? இதிலும் அப்படி ஆகுமா?" என்றார். ஆகும். 22 ஆண்டுகளில் இவ்வளவு சரியான கேள்வியை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை.

திசு உடலைவிட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குள் போக வேண்டும். மார்பகத் திசு என்றால் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. திசுவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் தேவை. ஒரு சிற்றூர் மருத்துவமனையிலிருந்து உப்புநீரில் போட்ட திசு பஸ்ஸில் மறுநாள் வந்து சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். செல்கள் கரைந்து போயிருந்தன. அந்த அம்மாவுக்கு மறுபடியும் ஊசி குத்த வேண்டியதாயிற்று. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் அந்த அம்மா பட்ட வலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. வெளியூரில் அறுவை நடந்தால், "திசு ஃபார்மலினில்தான் போகிறதா?" என்று வீட்டார் ஒரு வார்த்தை கேட்பதில் தவறே இல்லை.

கேஐ-67 எழுபது சதவீதம் என்று இருக்கிறது. நோய் எழுபது சதவீதம் பரவிவிட்டதா?

இல்லை. ஜன்னலில் நான் அதிகம் துடைக்க வேண்டியிருந்த கண்ணீர் இந்தத் தவறான புரிதலால் வந்ததுதான்.

கேஐ-67 என்பது பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லின் கருவில் மட்டும் காணப்படும் புரதம். ஓய்வில் இருக்கும் செல்லில் அது இராது. நூறு புற்றுநோய்ச் செல்களில் எழுபது, திசு எடுத்த அந்த நேரத்தில் பெருகும் சுழற்சியில் இருந்தன என்பதே 70%. நோய் எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதை ஸ்கேனும் அறுவையும்தான் சொல்லும். கட்டம் வேறு, வேகம் வேறு. அவிநாசி சாலையில் வண்டி 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால், அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுமா?

பெயர்க் காரணத்தையும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் கீல் நகரத்தில் 1983இல் இதைக் கண்டறிந்தவர்கள், தங்கள் ஊர்ப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளையும் (கே, ஐ), சோதனைத் தட்டில் அந்த எதிர்ப்பொருள் கிடைத்த 67ஆம் குழியின் எண்ணையும் சேர்த்து வைத்த பெயர் இது.

ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் ஆன ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோயில் கேஐ-67 5 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் மெதுவானது, 30 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் வேகமானது என்று கொள்வதில் பன்னாட்டு நிபுணர் குழு உடன்படுகிறது. நடுவில் இருக்கும் எண்களில் ஆய்வகத்துக்கு ஆய்வகம், எண்ணுபவருக்கு எண்ணுபவர் வேறுபாடு வரும். 18க்கும் 22க்கும் இடையில் ஒரு குடும்பம் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

வேகம் என்றாலே தீர்ப்பு என்றும் நினைக்காதீர்கள். பர்க்கிட் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் கேஐ-67 கிட்டத்தட்ட 100% இருக்கும். மனித உடலில் வளரும் கட்டிகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று அது. ஆனால் தீவிரமான கீமோவில், குறிப்பாகக் குழந்தைகளில், பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடுகிறது. பல கீமோ மருந்துகள் பெருகும் செல்லைத்தான் தாக்குகின்றன. வேகமே அந்தக் கட்டியின் பலவீனமாகவும் ஆகிறது.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் ஆபத்தான வகை என்று படித்தேன். உண்மையா?

ஒரு காலத்தில் முழு உண்மை. இப்போது பாதி உண்மைகூட இல்லை.

1987இல் அமெரிக்காவின் டென்னிஸ் ஸ்லேமனும் அவரது குழுவினரும் 189 மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தார்கள். ஹெர்-2 மரபணு பல மடங்கு பெருகியிருந்த பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியது, அவர்கள் வாழ்ந்த காலமும் குறைவாக இருந்தது. அன்றைக்கு அந்த மார்க்கர் கெட்ட செய்தியை மட்டுமே சுமந்தது. ஆனால் அந்தக் குழு அங்கேயே நிற்கவில்லை. செல்லின் மேல்தோலில் துருத்திக்கொண்டு நிற்கும் அதே புரதத்தைப் பிடித்து அடக்கும் மருந்தைத் தேடினார்கள். அப்படிக் கிடைத்த டிராஸ்டுசுமாப் 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிய நோயில் கீமோவுடன் அதைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 20 மாதத்திலிருந்து 25 மாதமாக உயர்ந்ததாக 2001இல் வெளியிட்டார்கள். ஐந்து மாதம்தானா என்று தோன்றும். அதையே ஆரம்ப நிலையில், அறுவைக்குப் பிறகு கொடுத்துப் பார்த்தார்கள். பத்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 75%, இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 84%.

அதே புரதம், அதே பழுப்பு நிறம். நான் 2000களின் தொடக்கத்தில் ஹெர்-2 ஸ்லைடில் அழுத்தமான பழுப்பைக் கண்டால் மனம் கனத்துப்போகும். மருந்து இருந்தது, விலை எட்டவில்லை. 2014இல் இந்தியாவிலேயே தயாரான, அதற்கு இணையான மருந்து சந்தைக்கு வந்தது. அதன்பின் அதே பழுப்பைக் கண்டால், இவருக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது என்று தோன்றத் தொடங்கியது.

அறிக்கையில் 0, 1+, 2+, 3+ என்று இருக்கும். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டும்கெட்டான். ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்த பிறகுதான் முடிவு தெரியும். அதைச் செய்யாமல் 2+ அறிக்கையோடு சிகிச்சையைத் தொடங்கிவிடாதீர்கள். 0, 1+ இரண்டையும் ஒரே நெகட்டிவாகக் கருதிவந்தோம். 2022இல் அதுவும் மாறியது. பரவிய நோயில், 1+ அல்லது ஃபிஷ் நெகட்டிவ் ஆன 2+ கட்டிகளுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகன் என்ற மருந்து இடைநிலை ஆயுளை 16.8 மாதத்திலிருந்து 23.4 மாதமாக உயர்த்தியது. பழைய அறிக்கை வீட்டுப் பீரோவில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதில் "நெகட்டிவ்" என்று மட்டும் இருந்தால், எண் என்ன என்று ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ். நோய் இல்லை என்றுதானே பொருள்?

காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மனைவியின் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "மூன்றும் நெகட்டிவ்" என்று ஊருக்கெல்லாம் போன் செய்துவிட்டார். டெங்கு நெகட்டிவ், கொரோனா நெகட்டிவ் என்று கேட்டுப் பழகிய நாட்டில் அவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? அவரை உட்கார வைத்து உண்மையைச் சொன்ன மருத்துவரின் குரல் தாழ்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

நோய் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரையோ ஹெர்-2 மருந்தோ பிடித்துக்கொள்ளக்கூடிய மூன்று புரதங்களும் அதில் இல்லை என்பதுதான் செய்தி. இது வேகமான வகை. இந்தியப் பெண்களில் மேலைநாடுகளைவிட அதிக விகிதத்தில், அதிலும் இளவயதில் வருகிறது. திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் மூன்று, நான்கு ஆண்டுகளுக்குள் வரும். ஐந்தாண்டைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து நன்றாகக் குறைந்துவிடுகிறது. இதையும் சேர்த்துச் சொல்லாமல் பாதியை மட்டும் சொல்வது கொடுமை.

கீமோ இந்த வகையில் நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டாம், மூன்றாம் கட்டத்தில் அறுவைக்கு முன்பு கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் (உடலின் காவல் செல்களைக் கட்டியின் மேல் ஏவும் மருந்து) சேர்த்துக் கொடுத்த ஆய்வில், ஐந்தாண்டில் உயிரோடிருந்தவர்கள் 86.6%, சேர்க்காதவர்களில் 81.7%. மருந்து விலை உயர்ந்தது, எல்லாருக்கும் எட்டாது. ஆனால் இரண்டாவது எண்ணையும் பாருங்கள். அந்தப் புது மருந்து இல்லாமலே ஐந்தில் நான்கு பேருக்கு மேல் இருந்தார்கள். இளவயதுப் பெண் என்றால், பரம்பரையாக வரும் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் காட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை பற்றிக் கேளுங்கள். அது அக்கா தங்கைகளுக்கும் மகள்களுக்கும் சேர்த்துப் பயன்படும்.

பி.டி.எல்.-1 என்பது எதற்கு?

நம் உடலின் காவல் செல்கள் தாக்க வரும்போது, "நான் உன் ஆள்தான்" என்று ஏமாற்றக் கட்டி காட்டும் அடையாளச் சீட்டு இது. காவல் செல்களைக் கட்டிப்போடும் இத்தகைய தடைகளை நீக்கும் வழிகளைக் கண்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பரவிய நுரையீரல் புற்றுநோயில் பி.டி.எல்.-1 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு முதலிலேயே பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தபோது ஐந்தாண்டில் 32% பேர் உயிரோடிருந்தார்கள். கீமோவில் தொடங்கியவர்களில் 16%. இங்கே எண் கூடுவது நல்ல செய்தி என்பதைக் கவனியுங்கள். ஒரே தாளில் ஒரு சதவீதம் கூடினால் கவலை, இன்னொன்று கூடினால் ஆறுதல். எந்தப் புரதம் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி உறவினரிடம் கருத்துக் கேட்காதீர்கள்.

தொண்டைப் புற்றுநோயில் பி16 என்ற புரதம் பாசிட்டிவ் என்கிறார்கள்.

டான்சில், நாக்கின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் இது நல்ல அறிகுறி. எச்.பி.வி. வைரஸால் வந்த கட்டி என்பதைக் காட்டுகிறது. அவை கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் நன்றாகக் கட்டுப்படும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில் மூன்றாண்டில் உயிரோடிருந்தவர்கள் வைரஸ் உள்ள வகையில் 82%, இல்லாத வகையில் 57%. ஆனால் நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது புகையிலை அடக்கிய கன்னத்தில் வரும் வாய்ப் புற்றுநோய். அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சி.ஏ.-125, சி.ஏ. 19-9, சி.ஈ.ஏ. இவற்றை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டால் நல்லதுதானே?

நோய் இல்லாதவர்கள் எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளில் இவற்றைச் சேர்த்து விற்பதை ஒவ்வொரு விளம்பரத்திலும் பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. சி.ஏ.-125இன் வழக்கமான எல்லை 35. மாதவிலக்கு நாட்களிலும், கருப்பை உள்வரிச் சதை வெளியே வளரும் நோயிலும், வயிற்றுக் காசநோயிலும் அது நூற்றுக்கணக்கில் ஏறலாம். சினைப்பைப் புற்றுநோய் ஆரம்பத்தில் இருக்கும்போது 35க்குள்ளேயே நிற்கவும் செய்யும். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. ஆண்டுதோறும் இந்தச் சோதனை செய்தவர்களில் சினைப்பைப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை.

நோய் உறுதியான பிறகு கதை வேறு. அப்போது ஒரே ஓர் எண்ணைவிட, எண்களின் வரிசைதான் பேசும். பால் சொசைட்டிக்கு ஊற்றுபவர்களுக்கு இது புரியும். ஒரு நாள் கொழுப்பு குறைந்தால் மாட்டுக்கு நோய் என்று யாரும் சொல்வதில்லை. பத்து நாள் தொடர்ந்து குறைந்தால் தீவனத்தைப் பார்ப்போம். அதேபோல் கீமோவுக்கு முன், இடையில், பின் என்று ஒரே ஆய்வகத்தில் எடுத்த எண்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். ஆய்வகத்தை மாற்றினால் கருவி மாறும், எண்ணும் மாறும்.

கணையப் புற்றுநோயில் பார்க்கும் சி.ஏ. 19-9 பற்றி ஒன்று. பித்தநாளம் அடைத்து மஞ்சள்காமாலை இருக்கும்போது அது தானாகவே ஏறிவிடும். அடைப்பை நீக்கிய பிறகு எடுத்த எண்ணுக்குத்தான் மதிப்பு. இன்னொன்று, நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேர் இரத்த வகையின் அமைப்பால் இந்தப் பொருளை உண்டாக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு எண் பூஜ்யத்தை ஒட்டி இருந்தாலும் ஆறுதல் கொள்ள இடமில்லை.

ஏ.எஃப்.பி. பல்லாயிரம் என்கிறார்கள். பையனுக்கு வயது 24. பிழைப்பானா?

இந்தக் கேள்வியைப் பவானியிலிருந்து வந்த ஒரு தாய் கேட்டார். விரையில் தோன்றி நுரையீரலுக்குப் பரவிய கட்டி. இளைஞர்களுக்கு வரும் இந்த வகையில் ஏ.எஃப்.பி. போன்ற இரத்தப் புரதங்களின் அளவையும், நோய் எங்கே தோன்றி எங்கே பரவியது என்பதையும் கொண்டு நோயாளிகளை நல்ல, நடுத்தர, மோசமான வாய்ப்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். 1997இல் இந்தப் பிரிவை வகுத்தபோது, மோசமான வாய்ப்புப் பிரிவில் ஐந்தாண்டில் உயிரோடிருந்தவர்கள் 48%. 2021இல் புதிய நோயாளிகளை வைத்து அதையே மறுபடி கணக்கிட்டார்கள். 67%.

எல்லைக்கோடுகள் அதே கோடுகள். இடையில் சிகிச்சை கைதேர்ந்துவிட்டது. 1997இன் எண்ணைப் படித்துவிட்டுச் சிகிச்சையை மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் படிக்கும் ஐந்தாண்டுக் கணக்கு எதுவானாலும், அதில் உள்ளவர்கள் குறைந்தது ஐந்தாண்டுக்கு முன்பு சிகிச்சை தொடங்கியவர்கள். அது நேற்றைய மருந்தின் கணக்கு.

அந்தப் பையன் நான்கு சுற்றுக் கீமோவை முடித்தான். எண்கள் இறங்கியதை நானே பதிவேட்டில் எழுதினேன்.

'இடைநிலை ஆயுள் 15 மாதம்' என்றால் 15 மாதத்தில் இறந்துவிடுவார்களா?

நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் ஐம்பதாவது ஆள் இறக்கும் காலம்தான் இடைநிலை. மீதி ஐம்பது பேர் அதற்குப் பிறகும் இருக்கிறார்கள். சிலர் வெகுகாலம் இருக்கிறார்கள். மூளையில் வரும் கிளியோபிளாஸ்டோமா மிகக் கொடிய கட்டிகளில் ஒன்று. கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு மருந்து சேர்த்து நடந்த ஆய்வில் இடைநிலை ஆயுள் 14.6 மாதம். அதே ஆய்வில், அதே நோயாளிகளில், இரண்டாண்டில் உயிரோடிருந்தவர்கள் நால்வரில் ஒருவருக்கும் சற்று மேல். ஐந்தாண்டில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். மூன்று எண்ணும் ஒரே கூட்டத்தைப் பற்றியவை. முதல் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வீடு திரும்புபவருக்கும், மூன்றையும் கேட்டவருக்கும் மனத்தில் பதியும் படம் ஒன்றா?

ஆகவே மருத்துவரிடம் "எத்தனை நாள்?" என்று கேட்காமல், "இப்படிப்பட்டவர்களில் மிக நன்றாகத் தேறுபவர்கள் எப்படி இருக்கிறார்கள், நடுவில் உள்ளவர்கள் எப்படி, மோசமாகப் போனால் எப்படி?" என்று மூன்றாகக் கேளுங்கள். பதில் சொல்வது அவர்களுக்கும் எளிதாக இருக்கும்.

இணையத்தில், 'இந்தப் புரதம் அதிகமானால் ஆயுள் குறைவு' என்று ஒரு கட்டுரை. அந்தச் சோதனை நாங்களும் செய்ய வேண்டுமா?

இப்படி ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வந்த புரதங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை பழைய பிளாக்குகளை எடுத்துச் சாயம் ஏற்றி, பழைய நோயாளிகளின் குறிப்போடு ஒப்பிட்டவை. எந்த அளவுக்கு மேல் 'அதிகம்' என்ற கோட்டை, முடிவைப் பார்த்த பிறகு வரைந்தால் எந்தப் புரதத்தையும் கெட்டதாகக் காட்டிவிடலாம். இன்னொரு ஊரில், இன்னொரு கூட்டத்தில் செய்து பார்த்தால் வேறுபாடு மறைந்துவிடும். இந்தக் குறை பெருகியதால்தான் 2005இல், மார்க்கர் ஆய்வுகளில் எவற்றையெல்லாம் மறைக்காமல் எழுத வேண்டும் என்று ரீமார்க் என்ற நெறிமுறையை வகுத்தார்கள்.

ஆராய்ச்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஹெர்-2வும் அப்படி ஒரு கட்டுரையில்தான் தொடங்கியது. ஆனால் மருந்தை மாற்றாத சோதனைக்குக் கையிலிருக்கும் காசைச் செலவிடாதீர்கள். அந்தப் பணம் முட்டைக்கும் பாலுக்கும், மருத்துவமனைக்குப் போய்வரும் வண்டிக் கூலிக்கும் வேண்டும்.

ஈரோட்டு மஞ்சளைத் தினமும் குடித்தால் மார்க்கர் இறங்குமா?

எங்கள் வீட்டிலும் மஞ்சள்தான் போடுகிறோம். 2019இல் புவிசார் குறியீடு வந்தபோது ஊரே மகிழ்ந்தது. சமையலில் வழக்கம்போலப் போடுங்கள். ஆனால் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் குடலில் இருந்து இரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். கண்ணாடிக் குடுவையில் செல்லைக் கொன்ற அளவு மனித இரத்தத்தில் எட்டுவதில்லை. மாத்திரையாகச் செறிவூட்டி விற்பவை சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கின்றன. கீமோ நடக்கும்போது அப்படி எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பிளாக்கை நாங்கள் கேட்டு வாங்கலாமா? செலவுக்கு வழி?

வாங்கலாம். இரண்டாவது கருத்துக் கேட்கவோ புதிய மார்க்கர் பார்க்கவோ வேறு மருத்துவமனைக்குப் போனால் பிளாக் வேண்டும். எழுத்துமூலம் கேட்டு, பிளாக்கின் எண் அறிக்கையில் உள்ள எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் திருப்பி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நான்கு ஆண்டு கழித்துப் புதிய மருந்து வந்தால், அந்த மெழுகுக் கட்டியிலிருந்துதான் பதில் வரும். மெழுகு சுமார் 60 டிகிரியில் உருகும். சித்திரை வெயிலில் கரூர்ச் சாலையோரம் காரை நிறுத்திவிட்டு முன்கண்ணாடிக்கு அடியில் பிளாக்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அப்படி நெளிந்து வந்த ஒன்றை மறுபடி வார்த்திருக்கிறேன்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. எந்தச் சோதனை அதில் அடங்கும், எது அடங்காது என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில் சோதனைக்கு முன்பே கேளுங்கள்.

அம்மாயிக்கு இதையெல்லாம் சொல்லலாமா?

இதைக் கேட்பவர்கள் எப்போதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பக்கத்து நாற்காலியில் அம்மாயி உட்கார்ந்திருப்பார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

கொடுமுடிப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர், பேரன் தேநீர் வாங்கப் போன நேரத்தில் ஜன்னலுக்கு வந்தார். "கண்ணு, அந்தத் தாளில் என் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? இவர்கள் ஒருவரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்" என்றார். நான் சொல்லக் கூடாது. ஆனால் அவரை நோயியல் மருத்துவரின் அறைக்கு அழைத்துப் போகலாம். போனேன். மருத்துவர் எண்ணைச் சொல்லவில்லை. கட்டி வேகமான வகை, ஊசி போட்டால் சில காலம் அடங்கும், எவ்வளவு காலம் என்று ஆளுக்கு ஆள் மாறும் என்றார். பாட்டி இரண்டே கேள்வி கேட்டார். ஊசி போட்டால் நடமாட முடியுமா? மகளுக்கு எழுதிவைக்க வேண்டிய ஒன்றரை ஏக்கரை இப்போதே எழுதிவிடலாமா?

முடியும் என்றார், எழுதிவிடுங்கள் என்றார். அடுத்த வாரம் முதல் கீமோவுக்கு வந்தபோது, பத்திரம் பதிவாகிவிட்டது என்று ஜன்னலில் வந்து என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே போனார்.